கீழாநெல்லியும் காமாலையும்: வரப்பில் கற்றவை, மருத்துவமனையில் கற்றவை

காவிரிப் படுகையில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்திருக்கிறது என்று தெரிந்தால், மருத்துவரிடம் போவதைப் பற்றிப் பேச்சு எழுவதற்கு முன்பே, வீட்டில் யாரேனும் ஒருவர் கீழாநெல்லி பறிக்கக் கொல்லைப்பக்கம் போயிருப்பார். பாபநாசத்துக்கு அருகே, குடமுருட்டி ஆற்றுப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நான் சிறுவனாக இருந்த நாள்தொட்டு இந்தப் பழக்கம் மாறவில்லை. ஊரில் பலருக்கும் பச்சிலை அரைத்துக் கொடுத்து வந்த என் பெரியம்மாவிடம்தான் இந்தச் செடியை நான் கற்றுக்கொண்டேன். பின்னாளில் விவசாயத்தோடு, தேடி வருவோருக்கு மூலிகை பறித்துக் கொடுத்தும், அவர்களில் சிலருக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போயும் வந்ததில், செடியை அறிவதைக் காட்டிலும் காமாலையை அறிவது கடினமான கல்வி என்று கண்டேன். கீழாநெல்லியைக் கையில் எடுப்பவர் இரண்டையும் சேர்த்தே கற்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் செடியைப் பற்றிச் சொல்கிறேன். குறுவைக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்து வரப்புகள் ஈரம் கண்டதும் முளைக்கத் தொடங்கும் கீழாநெல்லி, ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கும் செழித்து நிற்கும். தென்னந்தோப்பின் அரைநிழல், வாழைக்கொல்லை, வெற்றிலைக் கொடிக்காலின் ஓரம், ஈரம் காயாத கிணற்றடி ஆகியவை அது விரும்பும் இடங்கள். ஒன்றரைச் சாணிலிருந்து இரண்டரைச் சாண்வரை நிமிர்ந்து வளரும். தண்டிலிருந்து பக்கவாட்டில் கிளம்பும் மெல்லிய காம்புகளின் இருபுறமும் சின்னஞ்சிறு இலைகள் வரிசையாக இருப்பதால், பார்ப்பவர் அதைப் புளிய இலை போன்ற கூட்டிலை என்றே எண்ணுவார். உண்மையில் அந்தக் காம்பு ஒரு சிறுகிளை. அதிலுள்ளவை தனித்தனி இலைகள். அதனால்தான் ஒவ்வோர் இலைக் கணுவிலும் ஒரு பூவோ காயோ வர முடிகிறது.

"அடியில பாருடா தம்பி, மேல பார்த்து ஏமாந்துடாத" என்று பெரியம்மா சொல்லுவார். சிறுகிளையை மெதுவாகத் திருப்பினால், கடுகைவிடச் சற்றே பெரிய பச்சைக் காய்கள், ஒவ்வொன்றும் நூலிழை போன்ற காம்பில், இலைகளுக்கு அடியில் ஒரே வரிசையாகத் தொங்குவது தெரியும். காயின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும். கிளையின் நுனிப்பக்கம் வெளிறிய நிறத்தில் மிகச் சிறிய பூக்கள் இருக்கும். அடிப்பக்கம் போகப் போகக் காய் முற்றியிருக்கும். முற்றிய காய் காய்ந்ததும் வெடித்து விதையைச் சிதறவிடும். பொழுது சாய்ந்தால் இலைகள் மூடிக்கொள்ளும். ஆதலால் மாலை மயங்கிய பின் தேடிப் போகிறவர் கண்ணுக்கு இந்தச் செடி எளிதில் அகப்படாது. காலை வெயில் ஏறும் முன் பறிப்பதே எங்கள் வீட்டு வழக்கம்.

இதைப் போலவே தோன்றும் செடிகள் பல உண்டு என்பதால் இந்த அடையாளங்களை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். தண்டு செந்நிறம் ஓடியிருந்து, காய்க்குக் காம்பே இல்லாமல் கிளையோடு ஒட்டி, அதன் தோல் சொரசொரப்பாகவும் இருந்தால் அது செங்கீழாநெல்லி. இலை அடிப்பக்கம் குறுகி நுனிப்பக்கம் அகன்று ஆப்பு வடிவில் இருந்தால் அது மேலாநெல்லி. அதற்கும் மருத்துவப் பயன் உண்டு என்றாலும் அது வேறு செடி. எங்கள் பகுதியில் பசுந்தாள் உரத்துக்காக விதைக்கும் தக்கைப்பூண்டின் இளநாற்றைக்கூடக் கீழாநெல்லி என்று பறித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பூவும் காயும் வராத இளஞ்செடியை மருந்துக்குப் பறிக்கக் கூடாது என்று பெரியம்மா விதித்திருந்ததற்குக் காரணம் இதுவே. காய் தொங்கினால்தான் இன்ன செடி என்று உறுதியாகச் சொல்ல முடியும். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த சரக்காக வாங்குவோருக்கு இந்த வசதி கிடையாது. தென்னிந்தியக் கடைகளில் வாங்கிய மாதிரிகளை மரபணு முறையில் ஆராய்ந்து 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பெரும்பாலானவை உண்மையான கீழாநெல்லியாகவே இருந்தபோதிலும், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மாதிரிகளில் அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு செடிகள் இருந்தன.

தாவரவியலில் ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்று வழங்கப்படும் இந்தச் செடி, நாம் ஊறுகாய் போடும் பெருநெல்லிக்கு நெருங்கிய உறவு. இலையை மென்றால் தெளிவான கசப்புத் தெரியும்; ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற பொருள்கள் இலையில் மிகுதி.

எங்கள் வீடுகளில் இதைப் பக்குவப்படுத்தும் முறை எளிது. செடியை வேரோடு பிடுங்கி, மண் போக நாலைந்து தண்ணீரில் அலசி, வேரிலுள்ள கற்களைத் தட்டிவிட்டு, அம்மியில் வெண்ணெய் போல அரைத்து, சுண்டைக்காய் அளவிலிருந்து சிறு நெல்லிக்காய் அளவுவரை எடுத்துக் கடைந்த மோரில் கலக்கிக் காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். சிலர் மோருக்குப் பதில் பசும்பாலோ ஆட்டுப்பாலோ சேர்ப்பதுண்டு. பெரியம்மா எப்போதும் மோரையே விரும்பினார். குமட்டல் இருப்பவருக்குப் பால் தங்காது என்பது அவருடைய காரணம். நான் இதில் ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். அலசுவதற்கும் மோரில் சேர்ப்பதற்கும் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைத்தான் பயன்படுத்தச் சொல்லுகிறேன். காமாலையைக் கொண்டுவரும் ஏ வகை, இ வகைக் கல்லீரல் அழற்சிக் கிருமிகள் இரண்டும் மலம் கலந்த தண்ணீரில் பரவுகிறவை. மழைக்காலத்தில் கழிவறைத் தொட்டி நிரம்பி, அடிபம்புத் தண்ணீரோடும் குளத்தோடும் அது கலக்கும் ஊர்களில், மருந்து அரைக்கும் தண்ணீரே வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோயைக் கொண்டுபோகக்கூடும்.

இனிப் பத்தியம். உப்பில்லை, புளியில்லை, எண்ணெய் இல்லை, மோர்சோறு மட்டும் என்று நோயாளியை வாரக்கணக்கில் வாட்டும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கறியும் பொரித்த பண்டங்களும் குமட்டலைக் கூட்டும் நாட்களில் அவற்றை விலக்குவது சரியே. ஆனால் கல்லீரல் தன்னைத் தேற்றிக்கொள்ள உடலுக்கு உணவு வேண்டும்; பசி திரும்பியதும் இட்லி, இடியாப்பம், பருப்புச் சோறு, பழம் என்று வயிறு ஏற்கும் அளவுக்குக் கொடுக்க வேண்டும் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். வயிற்றில் நீர் கோத்திருப்பவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது. பத்தியத்தின் பகுதிகளில் நான் சிறிதும் தளர்த்தாதது மதுவிலக்கு ஒன்றுதான். கண் வெள்ளையாகிவிட்டது என்று நாலாம் வாரமே குடிக்கத் தொடங்கியவர்களின் நிலையை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன்.

என் தம்பி கல்லூரியில் படித்தபோது விடுதித் தண்ணீரால் காமாலை கண்டு ஊருக்கு வந்தான். முதலில் காய்ச்சலும் வாந்தியும் வந்து, கண் மஞ்சளித்த சமயத்தில் காய்ச்சல் தானே இறங்கிவிட்டது. பெரியம்மா அரைத்துக் கொடுத்தார். அப்பா கும்பகோணம் அழைத்துப் போய் ரத்தப் பரிசோதனையும் செய்வித்தார். ஏ வகைக் கல்லீரல் அழற்சி என்று தெரிந்தது. சில வாரங்களில் முழுதாகத் தேறினான். ஊர் முழுக்கக் கீழாநெல்லியின் பெருமையைப் பேசியது. ஆனால் அவனைப் பார்த்த மருத்துவர், ஏ வகைக் காமாலை பெரும்பாலானவர்களுக்கு ஓய்விலும் உணவிலும் தானாகவே குணமாகக்கூடியது என்று விளக்கினார். அந்த விளக்கத்தை நான் பிறகு வெகுகாலம் மனத்தில் வைத்து எண்ணிப் பார்த்தேன். தானே குணமாகும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் கொடுத்ததற்கே புகழ் சேரும். காமாலைக்கு மூக்கில் சாறு பிழிகிறவரும், மந்திரிக்கிறவரும், நோயாளியின் கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவவைத்து அதில் இறங்கும் மஞ்சளைக் காட்டுகிறவரும் இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்கு இதுவே அடிப்படை. மாம்பட்டைச் சாறு முன்பே பட்ட கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்தால் மஞ்சள் நிறம் வரும். உடம்பிலிருந்து எதுவும் இறங்குவதில்லை.

அப்படியானால் கீழாநெல்லிக்கு ஆற்றலே இல்லையா என்று கேட்டால், அப்படியும் நான் சொல்லமாட்டேன். சோதனைக்கூடத்திலும் விலங்குகளிடமும் செய்த ஆய்வுகளில் கல்லீரல் அணுக்களைக் காக்கும் தன்மை இதற்கு இருப்பது பலமுறை பதிவாகியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்கும் இணைந்து செய்த ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பி வகைக் கிருமியை நெடுநாள் உடலில் சுமந்திருந்தவர்களுக்கு உலர்த்திய கீழாநெல்லிப் பொடியை 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 30 நாட்கள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் அந்தக் கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அது நிகழ்ந்தது. நம் வரப்புச் செடிக்கு உலக மருத்துவ இதழில் கிடைத்த அந்த இடத்தை எண்ணி எனக்கு இன்றும் பெருமிதம் உண்டு. எனினும் அதற்குப் பிறகு பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் கிருமியைச் சுமந்தவர்கள். கண் மஞ்சளித்து வந்த காமாலை நோயாளிகள் அல்லர். "நோபல் விஞ்ஞானி காமாலைக்குக் கீழாநெல்லிதான் மருந்து என்று நிரூபித்துவிட்டார்" என்று ஊரில் சொல்லப்படுவது அந்த ஆய்வு சொல்லாத செய்தி.

காமாலை என்பது ஒரே நோய் அன்று. பல நோய்களின் பொதுவான அடையாளம் என்பதை எனக்கு ஆழமாக உணர்த்தியது ஒரு சம்பா பருவத்தில் நடந்த நிகழ்ச்சி. எங்கள் வயலில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுக்கச் சேற்றில் நிற்பவர். வரப்பில் தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடிப்பவரும் அவரே. கடுங்காய்ச்சலாகப் படுத்தவருக்குக் கண் மஞ்சளித்தது. அவருடைய மனைவி வந்து, "தம்பி, அவருக்குக் காமாலை மாதிரி இருக்கு. கொஞ்சம் கீழாநெல்லி பறிச்சுக் குடுங்க" என்று கேட்டார். நான் செடியோடு போய்ப் பார்த்தபோது அவர் சுருண்டு படுத்திருந்தார். கண்ணில் மஞ்சளோடு நல்ல சிவப்பும் இருந்தது. கெண்டைக்காலைத் தொட்டதும் வலியில் காலை இழுத்துக்கொண்டார். முந்தின நாளிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றார். தம்பிக்கு மஞ்சள் வந்ததும் காய்ச்சல் இறங்கியது எனக்கு நினைவில் இருந்தது. இவருக்கோ மஞ்சள் வந்த பிறகும் உடம்பு கொதித்தது. "அண்ணி, இது சாதாரணக் காமாலை இல்ல. மருந்து அப்புறம் பார்த்துக்கலாம், இப்பவே தஞ்சாவூர் போயிடுவோம்" என்று சொல்லி வண்டி பேசி அழைத்துச் சென்றோம்.

அது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரிலிருந்து, காலில் உள்ள வெடிப்பின் வழியாகவும் சிறு காயத்தின் வழியாகவும் உடலுக்குள் புகும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி கல்லீரலோடு சிறுநீரகத்தையும் தாக்குகிறது. பென்சிலின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளுக்கு அது கட்டுப்படும். ஆனால் காலத்தோடு தொடங்க வேண்டும். அண்ணனுக்குச் சிறுநீரகம் பாதிக்கத் தொடங்கியிருந்தது. ஊசி மருந்து தொடங்கியபின் படிப்படியாகத் தேறி, அடுத்த அறுவடைக்கு வேலைக்கு வந்துவிட்டார். அவருக்குப் பறித்த கீழாநெல்லியை நான் கொடுத்திருந்தால் செடியால் அவருக்குக் கேடு நேர்ந்திராது. ஆனால் காலம் கடந்திருக்கும். நெல் விளையும் இந்தப் பூமியில் காய்ச்சல், தசைவலி, செங்கண், மஞ்சள் என்ற நான்கும் ஒன்றாக வந்தால் பச்சிலையை ஒதுக்கிவைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயலில் வேலை செய்பவர் என்பதையும், எலி பிடித்ததையும் மருத்துவரிடம் நாமாகவே சொல்ல வேண்டும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மாமா முறையுள்ள உறவினர் ஒருவரின் காமாலை இதற்கு நேர்மாறானது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. உடம்பு முழுக்க அரிப்பு மட்டும் இருந்தது. மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போயிருந்தது, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது. பித்தநீர் குடலுக்குள் இறங்காமல் அடைபட்டிருப்பதற்கு இவையே அறிகுறி. வெளியூர் வைத்தியர் ஒருவர் வாரக்கணக்கில் பச்சிலைச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்த பிறகே ஸ்கேன் எடுத்தார்கள். பித்தக் குழாயில் கல் சிக்கியிருந்தது. உள்நோக்கிக் கருவியால் அதை எடுத்தபின் மஞ்சள் இறங்கியது. குழாயில் அடைப்பு இருக்கும்போது எந்த மூலிகையும் அதைத் திறக்காது. அந்த அடைப்பு கல்லாக இல்லாமல் கட்டியாக இருந்திருந்தால், கழிந்த வாரங்களுக்கு எவ்வளவு விலை கொடுக்க நேர்ந்திருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

ஆகவே யார் கீழாநெல்லி கேட்டு வந்தாலும், முதலில் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்கிறேன். லேபில் எல்.எஃப்.டி. என்று சொன்னால் செய்து கொடுப்பார்கள். கண்ணுக்கு மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிரூபின் என்ற பொருளின் மொத்த அளவு ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமை ஒட்டியே இருப்பது இயல்பு; 2.5, 3 என்று ஏறும்போதுதான் நம் கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது. எஸ்.ஜி.பி.டி. என்ற அளவு பல நூறாகவோ ஆயிரமாகவோ இருந்தால் கல்லீரல் அணுக்களுக்கு அழற்சி என்றும், அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற அளவு மட்டும் தூக்கலாக இருந்தால் அடைப்பு இருக்கலாம் என்றும் மருத்துவர் கணிப்பார். ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு கூடினாலும், நோயாளி காரணமின்றி உறங்கி வழிந்தாலும், பேச்சுக் குழறினாலும் கல்லீரல் செயலிழப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். எஸ்.ஜி.பி.டி. இறங்குவதை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடவும் கூடாது. பிலிரூபின் ஏறிக்கொண்டே போக, அது மட்டும் இறங்கினால், அழிவதற்கு அணுக்கள் மிஞ்சவில்லை என்ற கொடிய நிலையாகவும் அது இருக்கலாம்.

சிலருக்கு நான் பறித்துக் கொடுப்பதே இல்லை. கர்ப்பிணிகள் அவர்களில் முதன்மையானவர்கள். இ வகைக் காமாலை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே குணமானாலும், கருவுற்ற கடைசி மாதங்களில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அவர்கள் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். பிறந்த குழந்தையின் மஞ்சளுக்குச் சங்கில் சாறு புகட்டும் வழக்கத்தை நான் அறவே எதிர்க்கிறேன். ஒளிச் சிகிச்சையில் தீரக்கூடிய ஒன்று அளவு மீறினால் மூளையைத் தாக்கும். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கண் மஞ்சளித்தால், அந்த மாத்திரைகளாலேயே கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். உடனே மருந்து கொடுத்த இடத்துக்குப் போக வேண்டும். கீழாநெல்லி ரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது என்பதால், சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவருக்குத் தெரியாமல் இதைச் சேர்க்கக் கூடாது.

காமாலை தவிர்த்த பயன்களும் எங்கள் பக்கம் பல உண்டு. கோடையில் நீர்க்கடுப்புக்கு மோரில் கலக்கிக் குடிப்பார்கள். இலையோடு உப்புச் சேர்த்து அரைத்துச் சொறி சிரங்குக்குப் பூசுவார்கள். நல்லெண்ணெயில் காய்ச்சிய கீழாநெல்லித் தைலத்தைச் சூடு தணியத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பார்கள். கடல் கடந்து பிரேசிலில் இதன் இனச் செடியைச் சிறுநீரகக் கல்லுக்குக் கொடுக்கிறார்கள். நீர்க்கடுப்போடு காய்ச்சலும் இடுப்புவலியும் சேர்ந்தால் அது சிறுநீர்த் தொற்று. அங்கே மோர் மட்டும் போதாது.

எங்கிருந்து பறிக்கிறோம் என்பது இன்றைக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது. பெரியம்மா காலத்தில் எந்த வரப்பில் கைவைத்தாலும் அச்சமில்லை. இப்போது ஆள் கிடைக்காத காரணத்தால் வரப்புக்கு கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிக்கிறார்கள். நட்ட வயலில் பியூட்டாகுளோரும் பிரிடிலாகுளோரும் போடுகிறார்கள். பூச்சிக்கு அடிக்கும் மருந்தின் துளிகள் காற்றில் வந்து வரப்புச் செடியின் மீதும் படிகின்றன. களைக்கொல்லி அடித்த வரப்பில் செடி வாடுவதற்குச் சில நாட்கள் ஆகும். அதுவரை பச்சைப் பசேலென்றே நிற்கும் என்பதுதான் அச்சுறுத்துவது. கல்லீரல் நலிந்தவருக்கு நஞ்சு படிந்த இலையை அரைத்துக் கொடுப்பதைவிடக் கொடுமை வேறில்லை. ஆகையால் தன் வயலாக இல்லாதவிடத்து, அந்த வயல்காரரிடம் எப்போது என்ன அடித்தார் என்று கேட்காமல் பறிக்கவே கூடாது. நெடுஞ்சாலை ஓரம், சாக்கடை வாய்க்கால் கரை, சுடுகாட்டை ஒட்டிய திடல் ஆகியவற்றையும் தவிர்க்கிறேன்.

இதற்கு நல்ல வழி வீட்டிலேயே வளர்ப்பதுதான். அது மிக எளிது. காய் முற்றிய செடி ஒன்றை வேர்மண்ணோடு பெயர்த்து, ஆற்றுமணலும் மக்கிய தொழுஉரமும் கலந்த அகலத் தொட்டியில் வைத்து, அரைநிழலில் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதுவே விதையைச் சிதறவிட்டு அடுத்த தலைமுறையை முளைக்கவைக்கும். விதை தூசி போன்றது என்பதால் அதன்மேல் மண் மூடக் கூடாது. முளைத்தவற்றுள் காய்களுக்குக் காம்பில்லாத செங்கீழாநெல்லி கலந்திருந்தால் பிடுங்கிவிட வேண்டும். வெயிற்காலத் தேவைக்கு, காய்த்த செடிகளைப் பிடுங்கி அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி, நேர் வெயில் படாமல் நிழலில் உலர்த்தி, கையில் எடுத்தால் நொறுங்கும் பதம் வந்ததும் இடித்துச் சலித்துக் கண்ணாடிப் புட்டியில் வைக்கலாம். எங்கள் ஈரக்காற்றில் ஐப்பசி மாதம் உலர்த்தினால் பூசணம் பிடிக்கும். தை, மாசி மாதங்களே ஏற்றவை. மணம் மாறி, பழுப்பேறிய பொடியை நான் எருக்குழியில் கொட்டிவிடுகிறேன்.

இங்கு நான் வலியுறுத்தும் கூட்டுமுறை நம் தஞ்சை மண்ணுக்குப் புதிதன்று. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் மன்னராக இருந்த இரண்டாம் சரபோசி, தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தில் நாட்டு மருத்துவர்களையும் மேலை மருத்துவம் கற்றவர்களையும் ஒருங்கே வைத்து, நோயாளிகளின் நிலையையும் கொடுத்த மருந்தையும் எழுதிவைக்கச் செய்தார். எங்கள் பகுதியில் எனக்குத் தெரிந்த சித்த மருத்துவர் ஒருவர் ரத்த அறிக்கை இல்லாமல் காமாலைக்கு மருந்தே கொடுப்பதில்லை. வாரம் ஒருமுறை அளவைக் குறித்துக்கொண்டு, அளவு ஏறினால் தாமே கடிதம் எழுதி மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கிறார். அவரைப் பின்பற்றி நானும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். யாருக்கு, எந்த இடத்துச் செடி, எவ்வளவு, அன்று பிலிரூபின் எவ்வளவு, உடன் சாப்பிடும் வேறு மாத்திரைகள் எவை என்று எழுதி, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பக்கத்தை நோயாளியிடமே கொடுத்தனுப்புகிறேன். கீழாநெல்லி சாப்பிட்டதை மருத்துவரிடம் மறைக்கும் பழக்கம் நம் மக்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. திட்டுவார் என்ற பயம்தான் காரணம். திட்டினாலும் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் எது எதனால் ஏறியது, எதனால் இறங்கியது என்று அவரால் கணிக்க முடியும்.

பரிசோதனையில் பி வகை என்று வந்துவிட்டால் நோயாளியோடு வேலை முடிவதில்லை. ரத்தத்தின் வழியாகவும், உடலுறவின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும் கிருமி அது. எனவே கணவன் அல்லது மனைவியையும் பிள்ளைகளையும் பரிசோதித்து, கிருமி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். சவரக்கத்தியையும் பல்துலக்கியையும் பொதுவில் வைக்கக் கூடாது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியும், பிறகு 6, 10, 14 ஆவது வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியுடன் சேர்த்தும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிப் போடுகிறார்கள்.